பெங்களூரு வீட்டுத் தோட்டத்தில் ஊசியிலைச் செடிகள்: தேர்வு, நடவு, பராமரிப்பு

வேர் அழுகிப் போன பிறகும் ஊசியிலைச் செடி சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். செம்பருத்திக்குத் தண்ணீர் போதாவிட்டால் அன்று மாலையே தலை தொங்கும், ஊற்றினால் காலையில் நிமிர்ந்துவிடும். துஜாவும் கிறிஸ்துமஸ் மரமும் அப்படி எதையும் காட்டிக்கொள்வதில்லை. இவற்றின் இலை தடித்தது, மெழுகுப் பூச்சு உள்ளது, நீரை மெதுவாகத்தான் இழக்கும். பழுப்பு நம் கண்ணில் படும் நாளில் மண்ணுக்குள் காரியம் முடிந்திருக்கும். பழுப்பைப் பார்த்ததும் பதறி இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள், மிச்சமிருந்த வேரும் போய்விடும். அதனால் இந்தக் கட்டுரை இலையைவிட மண், குழி, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அந்த மூன்றும் சரியாக இருந்தால் ஊசியிலைச் செடியைப் போலத் தொல்லை இல்லாத செடி வேறில்லை.

எந்தச் செடி இங்கே பிழைக்கும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் தவிக்கும் பல செடிகள் இங்கே நன்றாக வரும். அதற்காக இது ஊட்டி ஆகிவிடாது. ஸ்ப்ரூஸ், ஃபிர், தேவதாரு போன்றவற்றுக்கு வேண்டிய குளிர் இங்கே கிடைக்காது. இணையத்தில் நீல நிற ஸ்ப்ரூஸ் படத்தைப் பார்த்து விதையோ கன்றோ வரவழைக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த நான்கிற்குள் நின்றுகொள்வது நல்லது.

துஜா: வடக்கே மோர்பங்கி என்பார்கள், மயில்தோகை போல இலை விரியும். வெயில் வேண்டும், கொஞ்சம் வறட்சி தாங்கும், வேலிக்கும் தனிச் செடிக்கும் ஆகும். முதல் செடியாக வாங்க இதைவிட ஏற்றது இல்லை.

ஜூனிபர்: தரையோடு படர்வதும் உண்டு, நிமிர்ந்து வளர்வதும் உண்டு. முழு வெயிலும், தண்ணீர் துளியும் தேங்காத மண்ணும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

போடோகார்பஸ்: இதன் இலை ஊசி போல இல்லாமல் பட்டையாக, நீளமாக இருக்கும். ஆனாலும் ஊசியிலைக் குலம்தான். பாதி நிழலில் வளரும், எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குச் சொந்தமான ஒரே ஊசியிலை மரமான நாகியா வாலிச்சியானாவும் இதே குடும்பம். நெருக்கமான நகர வீட்டுக்குப் போடோகார்பஸ்தான் மிகப் பொருத்தமானது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதை அதிகம் பேர் கேட்டு வாங்குவதில்லை என்பது வருத்தம்.

கிறிஸ்துமஸ் மரம்: நர்சரிகளில் இந்தப் பெயரிலோ நார்ஃபோக் பைன், அரகேரியா என்ற பெயரிலோ விற்பது பெரும்பாலும் குக் பைன். அடுக்கடுக்காகக் கிளை விட்டு அழகாக நிற்கும். லால்பாகில் வானைத் தொட நிற்கும் அரகேரியாக்களை ஒருமுறை கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நீங்கள் கையில் தூக்கி வரும் இரண்டடிக் கன்றும் அதே சாதிதான்.

இவை தவிர, டிசம்பர் மாதம் எலுமிச்சை வாசனையோடு பொன் பச்சையாக ஒரு சிறு கூம்புச் செடி கடைகளில் வரிசை கட்டும். கோல்ட்கிரெஸ்ட் என்ற சைப்ரஸ் வகை அது. கலிபோர்னியாவின் குளிர்ந்த, பனிமூட்டம் நிறைந்த கடற்கரைதான் அதன் மூல இனத்தின் ஊர். இங்கே மார்ச், ஏப்ரல் வெயிலைப் பெரும்பாலும் தாண்டாது. பண்டிகைக்குப் பூச்செண்டு வாங்குவதாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

சவுக்கை ஊசியிலை மரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது கணுக்கணுவான மெல்லிய குச்சிகள். இங்கே சொல்லும் கத்தரிக்கும் முறையும் உரமும் அதற்குப் பொருந்தாது.

இடம்

30×40 அடி சைட்டில் வீடு கட்டினால் காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி மிஞ்சினால் பெரிது. அந்தச் சந்தில் துஜா நட்டால் வெயில் படும் பக்கம் மட்டும் பச்சையாகவும் சுவர்ப் பக்கம் மொட்டையாகவும் நிற்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் துஜாவும் ஜூனிபரும் வேண்டாம். அந்தச் சந்துக்குப் போடோகார்பஸை ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளியில் நட்டால் பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்கும் பச்சைச் சுவர் கிடைக்கும். வெயில் உள்ள வாசல் பக்கம் துஜா வேலி என்றால் இரண்டு முதல் இரண்டரை அடி இடைவெளி. நட்ட புதிதில் இடைவெளி அதிகமாகத்தான் தெரியும். நெருக்கி நட்டால் இரண்டு செடியும் தொட்டுக்கொள்ளும் பக்கங்கள் வெயில் இல்லாமல் காய்ந்து, பிறகு திரும்ப வராது.

குக் பைனைத் தரையில் வைக்க வேண்டுமானால் வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத, கீழே சம்ப் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் ஓடாத இடம் வேண்டும். சாதாரண சைட்டில் அப்படி ஓர் இடம் இருக்காது. தொட்டியிலேயே வளருங்கள், பல வருடம் நன்றாக இருக்கும்.

நர்சரியில் என்ன பார்ப்பது

லால்பாகை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகளில் தேர்வு நிறைய இருக்கும். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க் கண்காட்சி நடக்கும்போதும் செடிகள் விற்பனைக்கு வரும். உயரமான செடிதான் நல்ல செடி என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இரண்டடிக் கன்று வேர் பிடித்து இரண்டு மூன்று வருடத்தில் ஐந்தடிச் செடியை எட்டிவிடும்.

செடியின் ஒரு கிளை நுனியை மெதுவாக வளையுங்கள். உயிருள்ள இலை வளைந்து நிமிரும், நசுக்கினால் பிசின் வாசனை வரும். பச்சையாகத் தெரிந்தாலும் மொறுமொறுவென்று ஒடிந்தால் அந்தச் செடி ஏற்கெனவே போய்விட்டது. அடுத்து தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். மண்கட்டியோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியாக ஆடினால் வேர் இல்லை, அல்லது நேற்றுதான் கவர் மாற்றியிருக்கிறார்கள். கவரின் அடி ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரைக்குள் போயிருந்தால் தூக்கும்போது அது அறுந்துபோகும், வேண்டாம்.

கிறிஸ்துமஸ் மரம் வாங்கும்போது தண்டுகளை எண்ணுங்கள். அடர்த்தியாகத் தெரிய ஒரே தொட்டியில் மூன்று நான்கு நாற்றுகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். வளர வளர ஒன்றை ஒன்று நெருக்கி எல்லாமே கோணலாகும். நுனிக் குருத்து முழுதாக இருக்கும் ஒற்றைத் தண்டு செடியை எடுங்கள்.

மண்: நடுவதற்கு முன் ஒரு நாள் சோதனை

பெங்களூரின் செம்மண் லேசான அமிலத் தன்மை உள்ளது, ஊசியிலைச் செடிகளுக்குப் பிடித்தது. பிரச்சினை வீடு கட்டிய பிறகு வருகிறது. சைட்டை மேடாக்கக் கொட்டிய இடிபாடு, சுவர் ஓரம் கலவை போட்ட சிமென்ட், வண்டி ஏறி இறுகிய தரை எல்லாம் மேல் செம்மண்ணுக்கு அடியில் மறைந்திருக்கும். சிமென்ட் மண்ணைக் காரமாக்கும். அப்போது இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் புது இலை மஞ்சளாக வரும்.

ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் ஒரு குழி தோண்டுங்கள். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி வந்தால் அந்த இடத்தில் இரண்டடி ஆழம் வரை எடுத்துவிட்டு நல்ல செம்மண் நிரப்ப வேண்டும். நர்சரிகளில் கெம்மண்ணு என்று கேட்டால் மூட்டையாகக் கிடைக்கும். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். இரண்டாவது முறை நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நடலாம். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழியே தோண்டாதீர்கள். தரைக்கு மேல் ஓரடி உயரம், மூன்றடி அகலத்துக்கு மண்மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை உச்சத்தில் இருக்கும். அந்த இரண்டு மாதம் வேர் தண்ணீரில் ஊறக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும்.

நடவு

ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை நல்ல காலம். வெயில் தணிந்திருக்கும், அடைமழைக்கு முன் வேர் பரவ இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடுவதைத் தவிருங்கள்.

1. முந்தின நாள் மாலை கவரோடு செடியை நன்றாக நனையுங்கள். செம்மண் கட்டி காய்ந்திருந்தால் கல் மாதிரி இறுகி, நட்ட பிறகு தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடுமே தவிர உள்ளே இறங்காது.

2. பத்து அங்குலக் கவர் செடிக்கு இரண்டரை அடி அகலத்தில் குழி எடுங்கள். ஆழம் மண்கட்டியின் உயரத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கட்டும். அடி மண்ணைக் கிளற வேண்டாம், கிளறினால் செடி பிறகு கீழே அமிழும்.

3. கறுப்புக் கவரைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்து முழுவதும் நீக்குங்கள். கவரோடு நட்டு, அடியில் மட்டும் கிழித்துவிடும் பழக்கம் நிறைய இடத்தில் உண்டு. அந்தச் செடி ஐந்து வருடம் கழித்தும் அதே கவருக்குள்தான் வேர் வைத்திருக்கும், கோடை மழைக் காற்றில் பெயர்ந்து விழும்.

4. வேர் கட்டியைச் சுற்றி வளையம் போட்டிருந்தால் நான்கு பக்கமும் அரை அங்குல ஆழத்துக்கு மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். மண் முழுவதையும் உதறிக் கழுவ வேண்டாம், ஊசியிலைச் செடி அதைத் தாங்காது.

5. தண்டு வேராக மாறும் கழுத்துப் பகுதி தரை மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே இருக்க வேண்டும். கவரிலேயே அது புதைந்திருந்தால் மேல் மண்ணைச் சுரண்டிக் கண்டுபிடியுங்கள். கழுத்து புதைந்த செடி ஓரிரு வருடம் நன்றாக வளர்ந்துவிட்டுப் பட்டை அழுகிச் சாகும்.

6. தோண்டிய அதே மண்ணைத் திரும்பப் போடுங்கள். மக்கிய எரு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கரையான் உள்ள இடம் என்றால் 200 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூள் கலக்கலாம். குழி முழுக்க எருவும் தேங்காய் நார்த் தூளுமாக நிரப்பினால் சுற்றியுள்ள இறுகிய மண்ணிலிருந்து மழைநீர் எல்லாம் அந்த மிருதுவான குழிக்குள் வந்து தேங்கும். யூரியா, பச்சைச் சாணம் இரண்டும் கூடவே கூடாது.

7. காலால் மிதிக்காமல் கையால் அழுத்தி, பத்து லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மண் அமிழ்ந்த இடத்தில் மட்டும் மேலும் மண் போடுங்கள்.

8. சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த சருகு அல்லது தேங்காய் மட்டைத் துண்டுகளால் மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறும் தரையாக விடுங்கள். மூடாக்கு தண்டைத் தொட்டால் ஈரமும் கரையானும் அதன் வழியாக ஏறும்.

மைக்கோரைசா என்ற, வேருக்கு உதவும் பூஞ்சையை வேம் (VAM) என்ற பெயரில் உரக்கடைகளில் விற்பார்கள். துஜா, ஜூனிபர், போடோகார்பஸ், குக் பைன் நான்குக்கும் அது பொருந்தும். வேரில் படும்படி தூவினால் போதும். உண்மையான பைன் மரங்களுக்கு வேண்டியது வேறு வகைப் பூஞ்சை, இது அதற்கு உதவாது.

தண்ணீர்

நாட்காட்டி பார்த்து ஊற்றுவதுதான் அதிகம் செடிகளைக் கொல்கிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் ஐந்து ஆறு லிட்டர் நிதானமாக. மழை இல்லாவிட்டால் முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரு முறை என்று ஏறக்குறைய வரும். முதல் கோடையில், பிப்ரவரி முதல் மே வரை, வாரம் இரு முறை பத்துப் பத்து லிட்டர். தினமும் ஒரு சொம்பு தெளிப்பதால் வேர் மேலாகவே தங்கி, ஊருக்குப் போய் வரும் பத்து நாளில் செடி கருகிவிடும். இரண்டு கோடை தாண்டிய துஜாவுக்குக் கடும் வறட்சியில் மட்டும் ஊற்றினால் போதும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதற்குப் பயந்து ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றப் பலர் பழகினார்கள். ஊசியிலைச் செடிக்கு அது வேண்டாம். மூல நீரைவிட உப்புச் செறிவு அதிகம், துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் அப்படித்தான். இலை நுனி மட்டும் வரிசையாகப் பழுப்பானால் உப்பு சேர்கிறது என்று பொருள். காய்கறி, அரிசி கழுவிய தண்ணீர் தரைச் செடிக்குத் தாராளமாக ஆகும். போர்வெல் தண்ணீர்தான் வழி என்றால் மாதம் ஒருமுறை அளவைவிட இரண்டு மடங்கு ஊற்றி உப்பைக் கீழே தள்ளுங்கள். மழைநீர்ச் சேமிப்பு இருந்தால் அதன் முதல் பங்கு இந்தச் செடிகளுக்கே போகட்டும்.

மாடியும் தொட்டியும்

குக் பைனுக்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஜூனில் இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் காயாமல் புளித்துப்போகும். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய பெருமணல் அல்லது பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைத் துகள் ஒரு பங்கு, அலசிய தேங்காய் நார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கல்லை அரைத்துச் செய்யும், தூசு நிறைந்த எம்சாண்ட் வேண்டாம், இறுகும். தொட்டி அடியில் ஜல்லி பரப்புவது தண்ணீர் வடிய உதவாது. மண் நின்று ஜல்லி தொடங்கும் கோட்டில் ஈரம் தங்கி, வேர் இருக்கும் இடத்துக்கே நெருங்கி வரும். ஓட்டை மேல் ஒரு துண்டு வலை போதும்.

பதினெட்டு அங்குலத் தொட்டி நனைந்தால் ஐம்பது கிலோவைத் தாண்டும். உத்தரத்துக்கு மேலே, சுவர் ஓரமாக வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாடியில் அடிக்கும் மேற்குக் காற்றுக்கும் அதுவே பாதுகாப்பு. உரம் ஜூன் முதல் நவம்பர் வரை மாதம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். கோடையில் நிறுத்திவிடுங்கள்.

கத்தரிக்கோல்

செம்பருத்தியை வெட்டுவது போல இங்கே வெட்ட முடியாது. துஜாவிலும் ஜூனிபரிலும் இலை இல்லாத பழைய கட்டைப் பகுதிக்குள் வெட்டினால் அங்கே துளிர் வராது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பச்சை உள்ள வெளி ஓரத்தை மட்டும், ஜூன் ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் லேசாக ஒருமுறை. வேலியின் அடிப்பகுதி மேல்பகுதியைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், அப்போதுதான் கீழ்க் கிளைக்கும் வெயில் விழும். போடோகார்பஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

குக் பைனில் காய்ந்த கிளை தவிர எதையும் தொடாதீர்கள். உயரம் குறையட்டும் என்று நுனியை வெட்டினால் இரண்டு மூன்று குருத்து கிளம்பி, அடுக்கு ஒழுங்கு போய்விடும். நுனி தற்செயலாக ஒடிந்திருந்தால் வரும் குருத்துகளில் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றதை இளசிலேயே கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளையை வெட்டிப் பதியன் போட்டால் அது வேர்விட்டாலும் பக்கவாட்டில்தான் வளரும், மரமாக நிமிராது. தரையில் நிற்கும் மரம் தெற்கே சாய்கிறதென்று கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். குக் பைன் உலகெங்கும் பூமத்திய ரேகை இருக்கும் திசையை நோக்கிச் சாய்கிறது என்று 2017-இல் ஒரு ஆய்வு வெளியானது. அது அதன் இயல்பு.

பழுப்பு வந்துவிட்டால்

உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கே பழுப்பு என்று முதலில் பாருங்கள்.

உட்பக்கம், தண்டை ஒட்டிய பழைய இலை மட்டும் பழுப்பானால் அது இயற்கையான உதிர்வு. கையால் உதிர்த்துவிடுங்கள், காற்றோட்டம் கூடும். குக் பைனில் அடிக்கிளை போனால் அந்த இடத்தில் மறுபடி வராது. நிழல், வறட்சி இரண்டில் எது காரணம் என்று பார்த்துச் சரிசெய்தால் மேல் அடுக்குகள் நிற்கும்.

பிப்ரவரிக்குப் பிறகு வெளி இலை தூசி படிந்தது போல மங்கி வெளுத்தால் சிவப்புச் சிலந்திப் பூச்சி. கிளைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள், விழும் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். போகாவிட்டால் தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள் லிட்டருக்கு இரண்டு கிராம், மாலையில் மட்டும், கடும் வெயில் நாளில் வேண்டாம். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, திரவ சோப்பு இரண்டு மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். கந்தகம் அடித்து மூன்று வாரத்துக்குள் எண்ணெய் அடித்தால் இலை கருகும். நீலச் சாயல் உள்ள ஜூனிபரில் எண்ணெய் அடித்தால் அந்த நீலமே போய்விடும்.

செடி முழுவதும் ஒரே சீராக மங்கி, சாம்பல் பச்சையாகி, பிறகு பழுப்பானால் வேர். ஓர் ஓரமாகத் தோண்டி ஒரு வேரை எடுங்கள். நுனி வெள்ளையாக, உறுதியாக இருந்தால் வறட்சி, தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றலாம். கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, மண்ணில் கெட்ட வாடை அடித்தால் அழுகல். தண்டில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். அதே குழியில் உடனே இன்னொரு துஜா வைக்க வேண்டாம். மண்ணை மாற்றி, மேடு போட்டு, அடுத்த ஜூனில் நடுங்கள்.

டிசம்பரில் தொட்டி மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பத்து நாளுக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஓரம் வையுங்கள், எல்இடி விளக்கும் இலேசான பொம்மைகளும் மட்டும். பெயின்ட், மினுக்குத் தூள் தெளித்தால் இலை மூச்சுவிட முடியாது. வெளியே எடுக்கும்போது நேரே மாடி வெயிலுக்குக் கொண்டுபோகாமல் ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள். தொட்டியில் வளர்த்தது போதும் என்று பிறகு வாசலில் இறக்கி நட நினைப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: தரையில் மரமாகிவிட்டால் அது உங்கள் சொந்த மனையில் இருந்தாலும் 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. இடம் போதாத வீட்டில் அதைத் தொட்டியோடு ஒரு பள்ளிக்கோ பெரிய வளாகத்துக்கோ கொடுத்துவிடலாம். அங்கே மழை தொடங்கும் ஜூனில் இறக்கி நடச் சொல்லுங்கள்.